குதிக்கிற வயதில் குதிக்கட்டும்!

ஒரே உடம்பின் இரண்டு கைகள். இரண்டுக்கும் ஒரே பரம்பரை, ஒரே சாப்பாடு, ஒரே வெயில். ஆனாலும் எக்ஸ்ரேயில் ஒரு கையின் எலும்பு தடித்துத் தெரிகிறது, மற்றது சாதாரணமாக இருக்கிறது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 84 தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மேற்கை எலும்பை அளந்தபோது கண்டது இதுதான். மட்டை பிடிக்கும் கையில் எலும்பின் புறச்சுவர், மறு கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது.

இரண்டு மனிதர்களை ஒப்பிட்டிருந்தால் உணவு வேறு, ஜீன் வேறு என்று வாதாடலாம். இங்கே அதற்கு இடமே இல்லை. ஒரு கை பல்லாண்டுகள் பந்தை ஓங்கி அடித்தது, இன்னொன்று அடிக்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்த ஆய்வு வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அதன் பிறகு ஃபின்லாந்து, கனடா, ஸ்வீடன், ஜப்பான் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு காலக்கணக்கு துலங்குகிறது. எலும்பு தன்மேல் விழும் வேகமான அதிர்வைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறது. பதின்பருவத்தின் தொடக்கத்தில் அந்த வேலை உச்சத்தைத் தொடுகிறது, இருபதுகளின் நடுவில் ஓயத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வதும், பெண்பிள்ளை தெருவில் ஓடியாடுவது நிற்பதும், டியூஷனும் நீட் கோச்சிங்கும் சாயங்காலத்தை விழுங்குவதும், கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை அமைவதும் சரியாக இதே ஆண்டுகளில்தான்.

பன்னிரண்டரை வயதில்

கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 1991இல் ஒரு பொறுமையான ஆய்வு தொடங்கியது. டொனால்ட் பெய்லி என்ற பேராசிரியரின் தலைமையில், பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்து உயரத்தையும் எலும்பில் சேரும் தாதுவின் அளவையும் அளந்தார்கள். என்ன விளையாடுகிறார்கள், எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள் என்றும் குறித்துவைத்தார்கள். அதே பிள்ளைகள் வளர்ந்து, இளைஞர்களாகி, வேலைக்குப் போன பிறகும் ஆய்வு அவர்களை விடவில்லை.

எலும்பில் தாது சேரும் வேகம் பெண்களுக்குச் சராசரியாக 12½ வயதிலும் ஆண்களுக்கு 14 வயதையொட்டியும் உச்சத்தை எட்டுவதை அந்தக் குழு கண்டது. உச்சத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில், பெரியவர் உடலில் இருக்கும் மொத்த எலும்புத் தாதுவில் கால் பங்குக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. முதுமை வரைக்கும் ஒருவர் இழக்கும் எலும்பு ஏறத்தாழ இதே அளவு என்று பெய்லி குழுவினர் சுட்டிக்காட்டினார்கள். ஒரு வாழ்நாளின் இழப்புக்குரிய ஈடு முழுவதும் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக் காலத்திலேயே சேர்கிறது என்பதைப் பெற்றோரில் எத்தனை பேர் அறிவார்கள்?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு சேர்வதில்லை. அந்த உச்சத்துக்கு ஓராண்டு கழித்து அளந்தபோது, நன்றாக ஓடியாடிய பையன்களின் உடலில், சும்மா இருந்த பையன்களைவிட 9 சதவீதம் அதிக எலும்புத் தாது இருந்தது. பெண்களில் இந்த வித்தியாசம் 17 சதவீதம். இவர்களே 23 முதல் 30 வயதை எட்டியபோதும், பதின்பருவத்தில் துறுதுறுவென்று இருந்தவர்களின் இடுப்புப் பகுதியில் 8 முதல் 10 சதவீதம் அதிக எலும்பு தங்கியிருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு வித்தியாசம் கூடுதல் என்பதும், அவர்களின் உச்ச வயது பன்னிரண்டரை என்பதும் சேர்ந்து வருத்தம் தரும் செய்திகள். அந்த வயதில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ‘வயசுக்கு வந்துட்டா, இன்னும் என்ன குதியாட்டம்?’ என்ற ஒற்றைச் சொல்லில் நேற்றுவரை மதில் ஏறிக் குதித்தவள் திண்ணைக்கு வந்துவிடுகிறாள். எலும்பு தன் வாழ்நாளிலேயே மிக வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் அதன்மேல் விழ வேண்டிய அதிர்வு நின்றுபோகிறது. அந்தப் பேச்சில் தீய எண்ணம் ஏதும் இல்லை, அக்கறைதான் இருக்கிறது. ஆனால் அதன் விலையை அந்தப் பெண் அறுபது வயதுக்கு மேல் கொடுக்கிறாள்.

ஃபின்லாந்தில் டென்னிஸும் ஸ்குவாஷும் ஆடிய பெண்களிடம் பெக்கா கன்னுஸ் குழுவினர் செய்த ஆய்வு, 1995இல் வெளியானது. அவர்களும் மட்டை பிடிக்கும் கையையும் மறு கையையும் ஒப்பிட்டார்கள். பூப்படைவதற்கு முன்போ அதை ஒட்டியோ ஆடத் தொடங்கிய பெண்களுக்குக் கிடைத்த எலும்புப் பலன், பிற்பாடு தொடங்கியவர்களுக்குக் கிடைத்ததைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு.

இருபது வயதில் எல்லாம் முடிந்துவிட்டதா?

இல்லை. இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களும், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களும் தங்கள் பேருந்து போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. பெண்கள் 18 வயதுக்குள்ளும் ஆண்கள் 20 வயதுக்குள்ளும் உச்ச எலும்பு அளவில் சுமார் 90 சதவீதத்தைச் சேர்த்துவிடுகிறார்கள் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மீதமுள்ள பத்து சதவீதம் இருபதுகளில் சேரலாம், சேராமலும் போகலாம். அந்தப் பத்து சதவீதத்தின் மதிப்பு மிகப் பெரியது. உச்ச எலும்பு அளவு 10 சதவீதம் கூடினால் எலும்புப் புரை நோய் வருவது சுமார் 13 ஆண்டுகள் தள்ளிப்போகும் என்று 2003இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு கணித்தது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து இளைஞர்கள் இதற்கு நல்ல சாட்சி. மாட்டியாஸ் லோரன்ட்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 833 ஆண்களை 19 வயதை ஒட்டி ஸ்கேன் செய்து, ஐந்து ஆண்டு கழித்து மறுபடியும் ஸ்கேன் செய்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாமல் விளையாடியவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி 1.3 சதவீதம் கூடியிருந்தது. அந்த ஐந்து ஆண்டும் உட்கார்ந்தே கழித்தவர்கள் சுமார் 2.1 சதவீதத்தை இழந்திருந்தார்கள்.

சிறிய எண்கள்போலத் தெரியும். ஆனால் இரண்டாவது கூட்டத்தாருக்கு வயது வெறும் 24. எலும்பு தேய்வது தாத்தா பாட்டி காலத்துச் சங்கதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கல்லூரியை முடித்து முதல் சம்பளம் வாங்கும் வயதில், வெளியே ஒரு வலியும் தெரியாமல், இடுப்பெலும்பு இறங்குமுகமாகப் போகத் தொடங்கிவிட்டது என்பதை இந்த ஸ்கேன்கள் காட்டின. கூடைப்பந்தும் வாலிபாலும் ஆடியவர்களுக்குப் பலன் நன்றாகக் கிடைத்தது என்பது அந்தக் குழு கண்ட இன்னொரு செய்தி. இரண்டுமே எகிறிக் குதிக்கும் ஆட்டங்கள்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டால் சேர்த்தது கரைந்துபோகாதா என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் வார்டன் குழு பேஸ்பால் வீரர்களிடம் விடை தேடியது. பந்து எறியும் கையின் மேலெலும்பு, மறு கையெலும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வலுவாக இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆட்டத்தை விட்டு முதுமையை அடைந்த வீரர்களிடமும், கூடுதலாகக் கிடைத்த எலும்புப் பருமனில் பாதியும் வலுவில் மூன்றில் ஒரு பங்கும் வாழ்நாள் முழுக்க நிலைத்திருந்ததை 2014இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இதற்குக் காரணம் எலும்பு வளரும் திசை. இளமையில் விழும் அதிர்வு எலும்பின் வெளிப்புறத்தில் புது அடுக்கை ஏற்றுகிறது, அதாவது எலும்பின் சுற்றளவு பெருக்கிறது. வயதான பிறகு எலும்பு பெரும்பாலும் உட்புறத்திலிருந்துதான் அரிக்கப்படுகிறது. உள்ளே கூடு விழுந்தாலும் பருத்த மூங்கில் எளிதில் மடங்காது அல்லவா, அந்தக் கணக்குதான். வெளிச் சுற்றளவைப் பெருக்கிக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலும் இளமைக்கே உரியது.

எலும்புக்கு எது போதும்?

எலும்பை உயிரற்ற கம்பி என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது ஓயாமல் தன்னைக் கலைத்துக் கட்டும் திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிய எலும்பைப் பூசும் செல்கள் மறுபக்கம். இவற்றுக்கு உத்தரவு கொடுப்பவை எலும்புக்குள்ளேயே புதைந்து, மெல்லிய கிளைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். குதித்துத் தரையில் இறங்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. நுண்குழாய்களில் உள்ள நீர்மம் நகர்கிறது. அதை அந்தச் செல்கள் உணர்ந்து, ‘ஸ்க்ளீரோஸ்டின்’ என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைக்கின்றன. எலும்பு கட்டுவதற்குத் தடைபோடுவது அந்தப் புரதம். தடை தளர்ந்தால் கட்டுமானம் நடக்கிறது. இதே புரதத்தை முடக்கும் ஊசிமருந்துக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எலும்பு முறியும் அபாயம் மிகுந்த முதிய பெண்களுக்கு மாதந்தோறும் போடப்படும் விலையுயர்ந்த மருந்து அது. இருபது வயதில் அந்தத் தடையைத் தளர்த்தக் கால்கள் இரண்டும் போதும்.

பூமியின் ஈர்ப்பே தெரியாத விண்வெளி நிலையத்தில், போதிய உடற்பயிற்சி இல்லாதபோது வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவதும் இதே ஏற்பாட்டின் மறுபக்கம்.

இந்தச் செல்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. சலிப்பூட்டினால் அவை கேட்பதை நிறுத்திவிடும். 1980களில் கிளின்டன் ரூபினும் லான்ஸ் லான்யனும் பறவையின் சிறகெலும்புக்குத் தினமும் அளந்து அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 4 முறை அழுத்தியதே எலும்பு தேயாமல் காத்தது. 36 முறை அழுத்தியபோது புது எலும்பு வளர்ந்தது. 360, 1,800 என்று கூட்டியும் மேற்கொண்டு பலன் இல்லை. ஜப்பானில் எலிகளை நாளுக்கு ஐந்தே முறை குதிக்கவைத்தபோதும் கால் எலும்பு தடித்தது. ஒரே மூச்சில் கொடுக்கும் அதிர்வைவிட, இடைவெளி விட்டுப் பிரித்துக் கொடுக்கும் அதிர்வுக்கே பலன் அதிகம் என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இதனால்தான் இதயத்துக்கு நல்லதாக இருக்கும் எல்லாப் பயிற்சியும் எலும்புக்கு நல்லதாக அமைவதில்லை. நீச்சலில் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்கிறது. சைக்கிளில் இருக்கை தாங்குகிறது. நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டும் தொழில்முறை வீரர்களுக்கு நெஞ்சும் நுரையீரலும் இரும்பாக இருந்தும், முதுகெலும்பின் அடர்த்தி சாதாரண ஆட்களைவிடக் குறைந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நடைப்பயிற்சி? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனசுக்கும் அது அருமருந்து, யாரும் விட வேண்டாம். ஆனால் இருபது வயது எலும்புக்கு நடை பழகிப்போன சங்கதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிப் பதின்பருவத்தினருக்கு அசைவை அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தபோது, புவியீர்ப்பைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகள் மட்டுமே இடுப்பெலும்பின் அடர்த்தியோடு பொருந்திவந்தன. மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலோ, முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து குதித்தாலோ கிடைக்கும் அளவு அது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பூப்படையாத வயதுப் பிள்ளைகள் 61 சென்டிமீட்டர் பெட்டியிலிருந்து ஒரு வகுப்பில் 100 முறை என்று, வாரம் மூன்று நாள், ஏழு மாதம் குதித்தார்கள். குதிக்காமல் வேறு பயிற்சி செய்த பிள்ளைகளைவிட அவர்களுக்குத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் சுமார் 4.5 சதவீதமும் கீழ் முதுகில் சுமார் 3.1 சதவீதமும் கூடுதல் எலும்புத் தாது சேர்ந்தது. வயதான காலத்தில் குளியலறையில் வழுக்கி விழும்போது முறியும் இடங்களில் ஒன்று அந்தக் கழுத்துப் பகுதி.

வளர்ந்த பெண்களிடமும் இது பலித்தது. பிரிட்டனில் நாளுக்கு 50 முறை, வாரத்தில் ஆறு நாள் செங்குத்தாகக் குதித்த பெண்களில், மாதவிடாய் நிற்காதவர்களுக்கு ஐந்தே மாதத்தில் இடுப்பில் சுமார் 2.8 சதவீதம் எலும்பு கூடியது. மாதவிடாய் நின்றவர்கள் அதே பயிற்சியைச் செய்தும் பலன் கிடைக்கவில்லை. 2015இல் லாரி டக்கர் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. 25 முதல் 50 வயதுப் பெண்கள் காலையில் 20, மாலையில் 20 என்று, ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவே அரை நிமிடம் இளைப்பாறி 16 வாரம் குதித்தார்கள். குதிக்காத பெண்களுக்கு இடுப்பெலும்பு குறைந்தது, குதித்தவர்களுக்குக் கூடியது. ஜிம் கட்டணம் இல்லை, கருவி இல்லை. மொத்தமாக நாளுக்கு இருபது நிமிடம்தான்.

தட்டில் இருப்பதும் கணக்கில் உண்டு

அதிர்வு உத்தரவு மட்டுமே கொடுக்கும். செங்கல்லும் சிமென்ட்டும் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் கால்சியம் போதும் என்று 2010இல் சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், 2020இல் அதை 1,000 மில்லிகிராமாக உயர்த்தியது. ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது 240 மில்லிகிராம் அளவுக்குத்தான். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேலும், முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும் கால்சியம் உண்டு. எள்ளுருண்டையும் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் இந்தப் பட்டியலில் தைரியமாக இடம்பெறலாம். வைட்டமின் டி வெயிலில்தான் உருவாகிறது. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, வெயிலில் நிற்கும் ஆட்களுக்குத்தான் பஞ்சம். மைதானத்தில் ஆடும் ஆட்டத்துக்கு அந்தக் கூடுதல் நன்மையும் இருக்கிறது.

எடை குறைக்கிறேன் என்று பாதி வயிறு சாப்பிட்டுக்கொண்டு மணிக்கணக்காக ஓடும் இளம்பெண்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உடம்புக்குச் செலவழிக்கச் சக்தி போதாதபோது மாதவிடாய் தாறுமாறாகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, எலும்பு கரைகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனியாகப் பெயர் சூட்டி எச்சரிக்கும் அளவுக்கு வீராங்கனைகளிடம் இது பரவலாக இருந்தது. ஆண்களும் இதற்கு விலக்கல்ல. தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராத பெண்ணோ, காலெலும்பில் ஒரே இடத்தில் நாள்கணக்காக வலிக்கும் ஓட்டக்காரரோ பயிற்சியைக் கூட்டாமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூட்டு, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டுக் குதிப்பதே சரி.

மைதானம் யாருக்கு?

உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டார்கள். இந்தியப் பெரியவர்களின் கதை இன்னும் கவலை தருவது. 2000இல் 22 சதவீதமாக இருந்த போதிய உடலுழைப்பு இல்லாதோர் பங்கு, 2022இல் 49 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று ‘லான்செட்’ குழும மருத்துவ இதழ் 2024இல் வெளியிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம்.

எலும்பு கேட்பதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் ஆட்டங்கள் எப்போதோ வைத்திருந்தன. பச்சைக்குதிரை தாண்டுவது, பாண்டியில் ஒற்றைக்காலில் கட்டம் கட்டமாகத் தாவுவது, நொண்டி, சடுகுடு, கோ-கோ எல்லாமே சட்டென்று பாய்ந்து, திரும்பி, எதிர்பாராத திசையில் காலூன்றும் ஆட்டங்கள். நேர்கோட்டில் ஓடுவதைவிட இப்படித் திசை மாறி விழும் அதிர்வு தொடையெலும்பின் கழுத்துக்கு நல்லது என்பதை ஃபின்லாந்தின் ஆய்வுகள் பலவகை வீராங்கனைகளை ஸ்கேன் செய்து காட்டியிருக்கின்றன. பரதநாட்டியத்தின் குதித்துமெட்டு அடவும் இந்த வரிசையில் வைக்கத் தகுந்ததே. ஊர்ப்புறங்களில் வலை கட்டி, மாலையில் வாலிபால் ஆடும் இளைஞர்கள், கோத்தன்பர்க் மருத்துவர் சிபாரிசு செய்யும் பயிற்சியைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த வலைக்கு அருகே இளம்பெண்கள் ஆடுவதை எத்தனை ஊரில் பார்க்க முடிகிறது? பள்ளியில் கோ-கோ அணியில் இருந்த பெண், கல்லூரி விடுதிக்கு வந்ததும் ஆட இடமும் இல்லாமல் நேரமும் இல்லாமல் நின்றுவிடுகிறாள். பையன்கள் விடுதியில் இருட்டிய பிறகும் பந்து துள்ளும் சத்தம் கேட்கிறது. பல பெண்கள் விடுதிகளில் ஆறு மணிக்கே கதவு சாத்தப்படுகிறது. பாதுகாப்புதான் காரணம் என்றால் வளாகத்துக்குள்ளேயே ஒரு கோர்ட்டும் நாலு விளக்கும் போதும். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படிக்கிற பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பைத் தேர்வைக் காரணம் காட்டிப் பிடுங்கும் பள்ளியிடம், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும் அதே குரலில் அந்த வகுப்பைத் திருப்பிக் கேட்கலாம். வாரத்துக்கு மூன்று நாளாவது எலும்பை வலுவாக்கும் ஆட்டம் பள்ளி வயதில் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் எழுதியே வைத்திருக்கிறது. கேட்பவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.